இரண்டாம் பிடி

முதல் பிடியில் லீவர் வெறுமனே உள்ளே போகும்,
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் மாதிரி.
இரண்டாம் பிடியில் நிற்கும்.
எப்போதும் இல்லை.
பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு. வளைவு முடிகிற இடத்தில்.
நேர் ரோட்டில் யாரிடம் கொடுத்து ஓட்டிப்பார்க்கச் சொன்னாலும்
"நல்லாத்தானே சார் இருக்கு" என்று
சாவியை என் கையிலேயே வைக்கிறான்.

நீடாமங்கலத்தில் ஜபருல்லா, ஏர் என்றான்.
டியூப் மாட்டி நிப்பிளைத் திறந்து
குமிழ் வருமென்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
ஒரு குமிழும் வரவில்லை.
ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில் வந்தது.
புதுசு, நூற்றைம்பது.
அடுத்த வாரம் பேட். இருநூற்று எண்பது.
அதற்கடுத்த வாரம் மேலே மாஸ்டர் சிலிண்டர்,
வாஷர் தேய்ந்திருக்கும் என்றான்.
தேய்ந்திருக்கவில்லை. ஆனாலும் மாற்றினான்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவன்.
ஒரு கை நெல்லை மிஷினில் போட்டால்
பதினேழு, பதினெட்டரை, இருபத்தொன்று என்று
ஈரம் தன்னை ஒப்புக்கொண்டுவிடும்.
வண்டிக்கு அப்படி ஒரு மிஷின் இல்லை.
இருந்திருந்தால்
மூணாறு தலைப்புக்கு அந்தப் பக்கம், வளைவில்,
அந்த வாத்து.

முந்நூறு வாத்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது,
அறுத்த வயலிலிருந்து அறுத்த வயலுக்கு.
ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்தது.
மறுபாதியில் அறுப்பு மிஷின் உதிர்த்துப்போன சேற்றுக்கட்டி.
பிடித்தேன். ஒன்றுமில்லை.
பிடித்தேன்.
இருப்பு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதலாம்,
எண்ணியது நானில்லை.

வாத்துக்காரி வந்தாள்.
கம்பைக் கீழே போடாமலே குனிந்து
அதை எடுத்து யூரியா சாக்கில் போட்டாள்.
"பிரேக் இல்லியா?"
"இருக்கு. ரெண்டாந்தடவைதான்."
அவள் சிரிக்கவில்லை.
நானும் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
இருநூற்றைம்பது கேட்டாள், கொடுத்தேன்.
ரசீது போடாமல் நான் பணம் கொடுத்தது அந்த சீசனில் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் லாரி வரவில்லை.
சுமை இல்லாத லோடுமேன் எல்லோரும் வண்டியைச் சுற்றி.
வைரக்கண்ணு, கோன் செட் என்றான்.
தைலப்பன், ரிம் கோட்டம்.
போர்க்கில் ஆயில் ஒழுகுது பார் என்றான் இன்னொருவன்,
தொட்டால் பனி.

சென்டர் ஸ்டாண்டு, எஞ்சினுக்கு அடியில் இரண்டு செங்கல்.
முன் சக்கரம் அந்தரத்தில்.
சுற்றினேன், கோணாமல் சுற்றியது,
டிஸ்க்கில் பேட் உரசுகிற சன்னமான சீறல்,
அது இருக்க வேண்டியதுதான்.
ஹேண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடங்கலில்லாமல் போனது.
போர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன்.
கோன் செட் இல்லை, வைரக்கண்ணு.
பிறகு, ஏன் என்று தெரியாமல்தான்,
டயரின் தலையில் ஒரு கையும் காலடியில் ஒரு கையும் வைத்து
பக்கவாட்டில் ஆட்டினேன்.

டொக்.

பேச்சு நின்றது.
இன்னொரு தடவை.
டொக்.

ஆக்சிலை உருவினால், சுற்றிலும் சணல்.
நம் சாக்குத் தைக்கிற அதே சணல்,
எத்தனை நாளாகவோ சுற்றிச் சுற்றி இறுகி
ரப்பர் சீலைத் தின்று வழிவிட்டு,
அந்த வழியாக வெண்ணாற்றுத் தண்ணீர், வயல் சேறு, உமித் தூசி.
பேரிங்குக்குள் சுண்டுவிரலை விட்டுத் திருப்பினேன்.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.
விரல் துருவோடு வெளியே வந்தது.

பிரேக்கில் ஒன்றுமே இல்லை.
சக்கரம் ஆடினால் டிஸ்க் ஆடுகிறது,
ஆடுகிற டிஸ்க் இரண்டு பேடையும் தள்ளி விலக்குகிறது.
விலகியதைக் கூட்டிவரவே முதல் பிடி சரியாகப் போய்விடுகிறது.
மூன்று வாரமாக நான் மாற்றியவர்கள் எல்லாம்
ஒரு பாவமும் அறியாதவர்கள்.

6301, இரண்டு. சீல் ஒன்று. முந்நூற்று நாற்பது.
தட்டி இறக்கும்போது ஜபருல்லா என்னைப் பார்க்கவில்லை.
டீ அவன் கணக்கு.

தாளடி அறுப்பும் முடிந்துவிட்டது.
முதல் பிடியிலேயே லீவர் கல் மாதிரி நிற்கிறது.
ஆனால் மூணாறு தலைப்பு வளைவு வந்தால்
என் கை, என்னைக் கேட்காமல்,
ஒரு தடவை சும்மா பிடித்துவிட்டு
அப்புறம் பிடிக்கிறது.
சிவப்பு விளக்கு இரண்டு தடவை எரிந்திருக்க வேண்டும்.
பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிறான்.