நான்காம் தட்டு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
வைக்கோலைக் கிளறிப் பார்த்தவர் கேட்டார்:
உள்ளே என்ன?
ஒன்றுமில்லை சார். அதுதான் சரக்கு.
சுற்றிலும் கண்ணாடி.

கொழிஞ்சாம்பாறையில் மூடிக்கிடந்த அரிசி ஆலை.
கூரைத் தகட்டை விடாமல் உலுக்கும் கணவாய்க் காற்று.
ஜெசிந்தா ஏணிமேல், நான் கீழே.
இடையில் ஓராள் உயரத்துக்கு
நிற்கவைக்க வேண்டிய வெளிச்சம்.

தட்டுக்கு ஒரு டெஃப்லான் வளையம், நான்கு போல்ட்,
எதிரெதிராக முடுக்கு,
விரல் நிற்கும் இடத்தில் நிறுத்து,
பிறகு கால் சுற்று.
"கால்னா கால்தான் பிரகாசியம்,
உங்க ஊர்க் கால் இல்ல."

நான்காவதில் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டேன்.
சோற்றில் கல் கடிபட்ட சத்தம், அவ்வளவுதான்.
விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை கிளம்பி
கொஞ்சம் யோசித்து
நின்றது.

அவள் திட்டவில்லை. இறங்கி வந்து
நகத்தால் தடவிப் பார்த்தாள்.
மூவாயிரத்து அறுநூறு, என்றாள்.
மேல் கிளாம்பை ஒரு சாண் இறக்கி
மூன்றின்மேல் ஐந்தை உட்காரவைத்தோம்.

எக்சைஸ்காரர் பூட்டோடு வருவது நாளைக்கு,
முந்திரிப்பழச் சாறு அதற்கும் பிறகு.
இன்றைக்குப் பச்சைத்தண்ணீர்.
கெட்டில் முனகியது.
முதல் தட்டு வியர்த்தது, அடுத்தது,
மூன்றிலிருந்து ஐந்துக்கு
எண்ணத் தெரியாத ஆவி
தடுக்காமல் ஏறிப்போனது.

குழாய் மூக்கில் ஒரு சொட்டு.
ஜெசிந்தா உள்ளங்கையில் ஏந்தி நக்கினாள்.
எப்படி?
ரப்பர். இன்னும் ரெண்டு தடவ ஓட்டணும்.

ஜன்னல் விளிம்பில் நான்காம் தட்டு.
மிஞ்சிய போல்ட்டுகளை
அதற்குள் போட்டேன்,
ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல்.