முப்பத்தெட்டு

ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான்
சர்வர் கொஞ்சம் இரங்கும்.
கொசுவத்தி, லேப்டாப், வருகைப் பதிவேடு,
பாதியில் ஆறிப்போன கருப்பட்டிக் காப்பி.

முக்கூடல் பஸ் திரும்பும் இடத்தில்
எங்கள் ஒன்றிய நடுநிலைப் பள்ளி.
மொத்தம் எழுபத்து மூன்று பேர்.
போன ஜூனில் எழுபத்தொன்பது.
ஆறு பேரை மஞ்சள் வேன் ஏற்றிக்கொண்டு போனது.
அதில் ஒருவன் இன்னமும்
ஜன்னல் வழியே எனக்கு டாட்டா காட்டுகிறான்.

பெயர்:
இசக்கி ஹரிணி. சுடலை நிவின்.
ஜெபா பிளெஸ்ஸி. செய்யது மசூது.
லோகநாத் மாஜி, தாய்மொழி ஒடியா,
தை பிறந்தால் ஆறாம் வகுப்பு,
ஆனி முடிந்தால் இடைநின்றவன்.
ஆடியில் அவன் எங்கே என்று கேட்டு
எனக்குக் கடிதம் வந்தது.
செங்கல் சூளைக்கு யாரும் எழுதவில்லை.

சாதி:
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம்.
தொட்டால் பிரிவு விரிகிறது,
பிரிவைத் தொட்டால் உட்பிரிவு.
ஜூலையில்தான் சுற்றறிக்கை வந்தது,
மணிக்கட்டுக் கயிறுகளை அகற்றச் சொல்லி.
பிடி சாரும் நானும்
கத்தரிக்கோலோடு வாசலில் நின்றோம்.
ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்தது.
நிறம் சொல்லமாட்டேன்,
சொன்னால் தெரு தெரிந்துவிடும்.
கயிறு இருந்த இடத்தில்
வெயில் படாத ஒரு வெளிர்க்கோடு.
அது எல்லார் கையிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது.
தீபாவளி கழிந்து
முழுக்கைச் சட்டைக்குள் புதுக்கயிறு.

தாயின் தொழில்:
பீடி. பீடி. பீடி. நூறு நாள் வேலை. பீடி.
தந்தையின் தொழில்:
கோட்டயம். திருப்பூர். திருவனந்தபுரம்.
தொழிலைக் கேட்டால்
ஊரைத்தான் சொல்கிறார்கள்.
ஒருத்தி மட்டும், “தெரியாது டீச்சர்.”

அடுத்தது கற்றல் அடைவு.
எட்டாம் வகுப்பு, கணக்கு, பதினான்காம் கேள்வி:
ஆயிரம் மிட்டாய்களை
இருபத்தைந்து வீதம் பொட்டலம் கட்டினால்
எத்தனை பொட்டலம்?

பதினெட்டுப் பேரில் பதினொரு பேர்
முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தார்கள்.
காப்பி அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.
ஹரிணியை எழுப்பிக் கேட்டேன்.
“நாப்பதுதான் வரும் டீச்சர்.
கடையில ரெண்டு கட்டு கழிச்சிருவாவல்லா?”

சனி ஞாயிறு முறத்தை மடியில் வைத்து
பீடிக்குத் தலை மடக்குகிறவள்.
“மிட்டாய்க்குக் கழிவு கிடையாது, ஏட்டி” என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
“மிட்டாய்க் கடைக்காரர் நல்லவரா டீச்சர்?”

மசூது எழுதியிருந்தது முப்பத்தொன்பது.
“எங்க கடை பரவால்ல டீச்சர்.”

திருத்தும் குறிப்பு:
நாற்பது என்றால் ஒன்று. மற்றவை பூஜ்யம்.
நானும் பூஜ்யம் போட்டேன்,
வரிசையாக, பன்னிரண்டு தடவை.
வகுப்புச் சராசரி கீழே இறங்கி
சிவப்பாகிவிட்டது.

பின்தங்கியதற்குக் காரணம்
(ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்):
ஆர்வமின்மை.
ஒழுங்கற்ற வருகை.
பெற்றோரின் கவனமின்மை.
மொழித்திறன் குறைவு.
பிற.

‘பிற’வைத் தொட்டேன்.
இருபத்தைந்து எழுத்துக்குள் விளக்குக, என்றது.
இருபத்தைந்து.
சரியாக ஒரு கட்டு.

தட்டச்சு செய்தேன்.
புள்ளிக்கும் சுழிக்கும் தனித்தனியாகக் கழித்துக்கொண்டு
‘கடையில் இரண்டு கட்டு கழிப’
என்றதோடு நின்றுவிட்டது.
அழித்து வேறு மாதிரி எழுதலாம்.
மணி பன்னிரண்டரை.
அப்படியே சமர்ப்பித்தேன்.
நன்றி, என்று பச்சை எழுத்தில் வந்தது.

ஆசிரியரின் பிள்ளை எங்கே படிக்கிறது
என்று ஒரு கட்டம் இருக்குமோ என்று
வருஷா வருஷம் பயந்துகொண்டே கீழே இறங்குவேன்.
இந்த வருஷமும் இல்லை.
உள்ளறைக் கொடியில்
பாளையங்கோட்டை சிபிஎஸ்இ சீருடை
இன்னும் ஈரமாகக் கிடக்கிறது.
தேய்த்தால் காய்ந்துவிடும்.
ஆறே முக்காலுக்கு வேன் வரும்,
அதுவும் மஞ்சள்தான்.