உமிக்காரர் பங்கு

மூன்று குளிர்காலமாக
நகராட்சிக்குக் கடிதம் எழுதினாள் கினுயோ கசாய்:
ஆலைக்காரர் நருமியின் உமி
காற்றேறி வருகிறது,
என் துணிக்கொடிக்கு, கிணற்று மூடிக்கு,
என் காதுக்கும்.

பதில் வரவில்லை. பிப்ரவரி வந்தது.
இவாகி மலை மேகத்துக்குள் போய்விட்டது.
கிடங்கில் கடைசி ஆப்பிள்கள்,
தொட்டால் விரல் பதியும் பதம்.
அரைத்துத் துணியில் பொதிந்து திருகினால்
சாறு இறங்கவில்லை;
கூழ்தான் பிதுங்கியது, மடிப்பு வழியாக,
சுவர் வரைக்கும்.
அழுத்த அழுத்தப் பழம்
தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

பொறியைப் பழுது பார்க்க வந்தவன்
பனிக்காலணியை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"பொறியில் கோளாறில்லை.
உமி கிடைக்குமா? நூற்றுக்கு ஒன்று போதும்."

நான்கு காலிச் சாக்குகளோடு
பனி வெட்டிய பாதையில்
எண்பது அடி நடந்தாள்.

நருமி கேட்டார்:
"பணம் நான் உங்களுக்குத் தரணுமா,
நீங்கள் எனக்கா?"
நியாயமான கேள்வி.
இருவரும் கொஞ்சநேரம் யோசித்தார்கள்.

முதல் தொட்டி வீண்.
கழுவாத உமி; சாற்றில் நனைந்த கோணி வாசம்.
அடுத்ததற்குக் கழுவி, ஆவி காட்டி,
உலர்த்தி, கூழில் தூவிப் பிசைந்தாள்.

ஒவ்வொரு உமியும்
அரிசி இறங்கிப் போன படகு.
வளைந்த முதுகுக்குள்
அந்தக் காலி இடத்தை மட்டும்
விடாமல் வைத்திருந்தது.
அதன் வழியே ஓடியது சாறு.
நேற்று நூறு கிலோவுக்கு ஐம்பத்தொரு லிட்டர்;
இன்று அறுபத்து நான்கு.

நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன்,
ஊதி ஊதித் தின்போம் என்று
ஏமாற்றுக்காரனைச் சொல்வோம் நாம்.
கினுயோவுக்கு அந்தப் பழமொழி தெரியாது.
தெரிந்திருந்தால்
உமிக்காரன் பக்கம் நின்று வழக்காடியிருப்பாள்.

நருமி கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
குடித்தார்,
நாக்கைச் சுழற்றித் தேடினார்.
"என்னுடையது எங்கே?"
அவள் சக்கையைக் காட்டினாள்.
பொரபொரவென உதிர்ந்தது.
மாட்டுப்பண்ணைக்காரர் வேண்டாமென்று விட்டார்,
பல்லில் மணல் மாதிரி கடிபடுமாம்.
வண்டி நருமியின் வயலுக்கே திரும்பியது.

நான்காவது கடிதம்
பாதியில் மேசைமேல் கிடக்கிறது,
'மதிப்பிற்குரிய' என்பதோடு ஒரு வரி.
அதன்மேல் மூன்று உமி,
ஜன்னல் வழியே வந்தவை.