பூஜ்ய அகலம்

முதுநகர்த் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
ரசீது அடிக்கும் மெஷினுக்குப்
புள்ளி தெரியாது.
'வரவு' ஒழுங்காக வரும்.
'பற்று' மட்டும் 'பறறு'.
அடியில் 'நனறி'.

மூன்று வருஷம் அப்படியே அடித்தோம்.
பார் கணக்கும் தொகையும் சரியென்றால்
நன்றியின் தலையில் என்ன இருந்தால் என்ன.

ஒரு ராத்திரி, கம்ப்ரஸர் இரைச்சலில்
உள்ளே இறங்கித் தேடினேன்.
அச்சுக்கு அனுப்பும் பேக்கேஜில் நானூற்றுப் பன்னிரண்டாம் வரி:
அகலம் பூஜ்யத்தைவிடப் பெரிதென்றால் அச்சிடு.
எழுதியவர் யாரோ.
புள்ளிக்கு ஏது அகலம்?
அது எழுத்தின் மேல் உட்காருவது,
தனக்கென்று இடம் கேட்காதது.

ஒரு சமக்குறி சேர்த்தேன்.
அவ்வளவுதான் வேலை.

பராமரிப்பவர் பெயர் யோர்ன். எங்கோ பனி பெய்கிற ஊர்.
"இரண்டு திருத்தம் இருக்கிறது, தனித்தனியாக அனுப்பவும்."
(போகிற போக்கில் ஓர் எழுத்துப்பிழையையும் துடைத்திருந்தேன்.)
பிரித்தேன்.
"சோதனை எங்கே?"
எழுதினேன்: உள்ளே பற்று, வெளியே பற்று.
"இந்தக் குறி விழாவிட்டால் என்ன நஷ்டம்?"

மூன்று நாள் யோசித்தேன்.
கடைசியில் ரசீதையே படம்பிடித்து அனுப்பினேன்,
ஓரத்தில் ஒட்டியிருந்த சங்கராச் செதிளோடு.

நாற்பது நாள் பதில் இல்லை.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
காற்று வந்தது. நாலு நாள் கரண்ட் இல்லை.
அத்தனை பாரும் தண்ணீராகி
உப்பனாற்றுப் பக்கம் போயிற்று.
கரண்டோடு யோர்னும் வந்தார்:
"ஏற்றுக்கொண்டேன். ஆனால் உறைகாலம் தொடங்கிவிட்டது.
அடுத்த பதிப்பில் வரும்."

உறைகாலம் எனக்குத் தெரியும்.
இருபது மணி நேரத்துக்கு முன்னால் டப்பாவைத் தூக்கினால்
பாரின் நடுவில் தண்ணீர் குலுங்கும்.

புதுப்பதிப்பு வந்தபோது மீன்பிடித் தடைக்காலம்.
ரசீது வாங்க ஒரு படகு இல்லை.
மெஷின் திருந்தி, சும்மா கிடந்தது.

ஆனி பிறந்து முதல் பில் தேசப்பனுக்கு.
இருபது பார். பற்று.
புள்ளியோடு வந்தது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.
ஈரக்கையால் வாங்கினான்,
தொகையை மட்டும் பார்த்தான்.
"பாருக்கு ரெண்டு ரூபா கூடப் போட்டிருக்கியே."
விலை ஏறிவிட்டது என்றேன்.
நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு
வண்டியைத் தள்ளினான்.

பில்லின் உச்சியில்
கம்பெனிப் பெயருக்கு முன்னால்
ஸ்ரீ இன்னும் உடைந்துதான் வருகிறது.
அங்கே இப்போது நடுராத்திரி இருக்கும்.
தனியாக அனுப்ப வேண்டும்.