மீண்டும் முயல்க

அறுபத்து நான்கு கிலோபைட்.
அதற்குள் ஒரு வரைபடம், நான்கு பட்டியல்,
"இணைப்பு இல்லை" என்றொரு மன்னிப்பு.
ஐகானில் இரண்டு நிறம் குறைத்தால்
ஓர் ஊரின் பெயருக்கு இடம் கிடைக்கும்.
விங்கம் அப்படித்தான் உள்ளே வந்தது.
மைல்ட்மேக்காக மஞ்சளை விட்டுக்கொடுத்தேன்.

வாட்டர்லூவில் என் முதல் வேலை அது:
பனி வழிக்கும் வண்டிக்காரர்களுக்கு ஒரு செயலி.
எந்தச் சாலை முடிந்தது, உப்பு எவ்வளவு மிச்சம்.
டார்சி ஷ்ராம் தன் கையுறையை என்னிடம் கழற்றித் தந்தார்,
"இதோடு அழுத்திப் பார்."
ஐந்தை அழுத்தினேன்.
இரண்டும் எட்டும் சேர்ந்து அழுந்தின.
அன்றிரவே நடு வரிசை முழுவதையும்
ஒரே பொத்தானாக்கினேன்.

சோதனைக்கு ஜனவரியில்தான் போவோம்.
மடியில் நான்கு கைபேசி, வடக்கே ஆறாம் நெடுஞ்சாலை.
மூன்று கோடு, ஒரு கோடு,
டாபர்மோரிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.
வண்டியை நிறுத்தச் சொல்வேன்.
என் வேலை அங்கேதான் தொடங்கும்.

ஒரு நொடி பொறு, கேள்.
பதில் இல்லையா, இரண்டு. நான்கு. எட்டு.
நச்சரிக்காதே,
கோபுரத்துக்கு ஆயிரம் பேர்.
முதல் பதிப்பில் உச்சவரம்பு வைக்க மறந்துபோனேன்.
கோடை முழுதும் கொட்டகையில் கிடந்த கைபேசி ஒன்று
அடுத்த முயற்சிக்குப்
பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தது.
"என் மைத்துனன் மாதிரி" என்றார் ஷ்ராம்.

பிறகு பொத்தான்கள் போயின, கண்ணாடி வந்தது.
ஐந்து மொழி மாறினேன்.
கம்பெனியை இரண்டு முறை விற்றார்கள்,
இரண்டாம் முறை
என் வாகன அட்டையில் சாரு மேத்யூ என்றிருந்தது.
சாருமதி என்று திருத்தச் சொல்லவில்லை.
கேட் திறந்தது, போதும்.
ஸ்கார்பரோ கல்யாண வீடுகளில்
யாராவது உடைந்த திரையை நீட்டுவார்கள்:
"பிள்ளை, நீர் போன் வேலைதானே?"

இன்று இரண்டு மணிக்குப் பழைய வலையமைப்பை அணைக்கிறார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு கருவி இருந்த பதிவேட்டில்
மிச்சம் ஒன்று. நாற்பத்தேழாம் எண்.
கால் மணிக்கொரு தடவை
"இருக்கிறேன். உப்பு: பூச்சியம்."

வீட்டு எண்ணுக்கு அழைத்தேன்.
ஷ்ராம் ஓய்வு பெற்று ஆறு வருடம்.
"அதுவா? லாரியில் செருகியே கிடக்கிறது,
மணி பார்க்க."
பின்னணியில் நாய் குரைத்தது.
"மணி நின்றுவிடுமா?"
நிற்காது, பதில்தான் வராது என்றேன்.
"அதற்கென்ன" என்றார்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு வந்தது.
இரண்டுக்கு வரவில்லை.

அந்தப் பக்கம் இப்போது எண்ணத் தொடங்கியிருக்கும்.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு,
ஏறி ஏறிக் கால் மணி வரை. அதற்கு மேல் போகாது,
கால் மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டேயிருக்கும்.
அந்த வரம்பை வைத்தவள் நான்.
எத்தனை தடவை கேட்டால் போதும் என்று
எங்கேயும் எழுதிவைக்கவில்லை.