வெளிப்பக்கக் கணு

ஈர மரத்தூளில் பொதிந்து தபாலில் வந்தது.
மூன்று குச்சி, ஒரு கொத்து வேர்.
கட்டியிருந்த சீட்டில் "மிகுந்த மணம்" என்று இரண்டே சொல்.
பதினெட்டு யூரோவா, இந்தக் குச்சிக்கா என்றான் மகன் தாவெட்.
குச்சிக்கில்லை, அந்த இரண்டு சொல்லுக்கு என்றேன்.

டார்ட்டுவில் ஏப்ரல் கடைசியிலும்
மண் மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும்.
கடப்பாரை போட்டுத்தான் குழி எடுத்தேன்.
ஒட்டுக் கட்டிய முடிச்சு
தரைக்கு நான்கு விரல் கீழே இருக்க வேண்டும்,
இல்லையேல் ஜனவரி கொண்டுபோய்விடும்.
என் விரலை வைத்தே அளந்தேன்.
இந்தத் தோட்டத்தில் நான் அளந்த ஒரே விஷயம் அது.

வேலியை அளக்கவில்லை.
அரை முழம் உள்ளே வந்துவிட்டாய் என்று
ஹெல்துர் சர்வேயரைக் கூட்டிவந்தார்.
வேலி நகர்ந்தது.
அதன்பிறகு ஆறு வருடம்
பனி அள்ளும்போதுகூட
இருவரும் எதிர் எதிர்த் திசைக்கே அள்ளினோம்.

முதல் கோடையில் ஐந்து பூ.
பாலாடை நிறம், நடுவில் மட்டும் ஆப்ரிகாட்.
காலையில் குனிந்து மூக்கை உள்ளே விட்டேன்.
நனைந்த அட்டைப்பெட்டி.
மறுநாளும் அட்டைப்பெட்டிதான்.
நர்சரிக்குப் போன் செய்தால் அந்தப் பெண்
மணத்துக்கு நேரம் உண்டு என்கிறாள்.
எந்த நேரம்?
அதைச் செடிதான் சொல்ல வேண்டும்.

எனக்கு ரொட்டி ஆலையில் மாலை ஷிஃப்ட்.
நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும்போது
மூக்கு முழுக்கப் புளித்த கம்புமாவு.
பூவிடம் போய் நின்றாலும்
கேட்டது என்னையே.

ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தேன்.
அடியில் மண் குவித்து, மேலே ஸ்ப்ரூஸ் கிளை மூடி
மைனஸ் இருபத்தொன்பதைக் கடத்தினேன்.
அசுவினிக்குச் சோப்புத் தண்ணீர்.
வேரிலிருந்து கிளம்பிய காட்டுத் தளிரை
இலை எண்ணிக் கண்டுபிடி என்பார்கள்.
நான் முள்ளைத் தடவித்தான் கண்டேன்,
அது வேறு ஆளின் கை.
கத்தரித்தால் நான்காக வரும் என்று
அடியோடு பிய்த்தேன்.

மூன்றாம் ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஆலையில் பிசையும் இயந்திரம் நின்றுபோய்
ஏழு மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.
மழை ஓய்ந்த நேரம். வெயில் இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி.
கேட்டைத் திறந்தேன்.
செடிக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம்,
திராட்சைப் புதர் இரண்டுக்கு நடுவில்
ஹெல்துர்.
செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு,
நாற்காலி என் பக்கம் பார்க்க.

நாற்காலிக் கால்கள் பட்ட நான்கு இடத்திலும்
புல் இல்லை.
ஒரு நாளில் ஆகிற வேலை அல்ல அது.

ஆற்றிலிருந்து வரும் காற்று
என் தோட்டத்தை ஓட்டமாய்க் கடந்து
அவர் மடியில் போய்த்தான் உட்காருகிறது,
மூன்று கோடையாக.

கண்ணைத் திறந்தார்.
எழுந்துபோவார் என்று நினைத்தேன்.
"எட்டரைக்கு இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

வாளியைக் கவிழ்த்து என் பக்கம் உட்கார்ந்தேன்.
எட்டரை ஆயிற்று.
முதலில் எலுமிச்சைத் தோல்.
பிறகு கொதிக்காத தேயிலை.
பிறகு, எப்படிச் சொல்ல,
பூட்டியிருந்த அலமாரியை
யாரோ பக்கத்து அறையில் திறந்ததுபோல.
நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.
கொசு கடித்தது.

இந்த ஏப்ரலில் கவாத்து.
வெளியே பார்க்கும் கணுவுக்கு மேல்
சாய்த்து வெட்ட வேண்டும் என்பது விதி.
ஒரு கணு என் சமையலறையைப் பார்க்கிறது,
இன்னொன்று வேலியை.
இரண்டுமே வெளிப்பக்கம்தான், நிற்கிற இடத்தைப் பொறுத்து.

கத்தரியைத் துடைத்தேன்.
வேலியைப் பார்க்கும் கணுவை விட்டுவிட்டு
அதற்கு மேலே வெட்டினேன்.
வளரட்டும், அரை முழம் அந்தப் பக்கம் போகட்டும்.
அளக்க வருகிறவர்
எட்டரைக்கு வரட்டும்.