எட்டுக் குதிரைக்கு ஒரு தொட்டி

கடலுக்கு ஐந்து மணி நேரம் தள்ளி
மஸ்கெலியாவில், எங்கள் லயத்து வாசலில்
சாக்கு விரித்துப் படுத்திருக்கிறது
உப்பு வாடை போகாத ஓர் எஞ்சின்.
நீர்கொழும்பிலிருந்து மீன் லொறியில் வந்தது.
எட்டுக் குதிரை என்று மூடியில் எழுதியிருக்கிறது.
ஒன்றாவது கனைக்குமா என்று
எனக்குத் தெரிய வேண்டும்.

குவைத்தில் மூன்று வருடம்
பிறர் குளியலறைகளைத் தேய்த்த காசு அது.

நீர்த்தேக்கம்தான் கண்ணுக்கு எதிரே கிடக்கிறதே,
அங்கே கொண்டுபோய் இழுத்துப் பார் என்கிறார்கள்.
மாசியில் தண்ணீர்
கரையை விட்டு முந்நூறு அடி பின்வாங்கிவிடும்,
இடையில் முழங்கால் சேறு.
படகு தார் காயாமல் கவிழ்ந்திருக்கிறது.
அக்கரைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரோடு
நடுத்தண்ணீரில் நின்றுபோவதற்கு
என் வாசலிலேயே நின்றுபோகட்டும்.

"தண்ணி குடிக்காம அரை நிமிசம் ஓடினாக்கூட
உள்ளுக்குள்ள ரப்பர் கருகிடும் அக்கா."
டிலுக்சன் ஓட்டோ மெக்கானிக்.
படகு எஞ்சினை போனில் பார்த்திருக்கிறான்.

ஆக, தொட்டி.
கால் முழுக இரண்டடி ஆழம்,
விசிறி சுழல ஒன்றரையடி அகலம்,
நாற்பது கிலோவைத் தாங்கும் விளிம்பு.
கையில் மிச்சம் நாலாயிரத்து இருநூறு.

நீலப் பெரல் ஏழாயிரம்.
விளிம்பை அழுத்தினேன், வாழைமட்டையாக வளைந்தது.
கடைக்காரருக்குக் கோபம்.
கறுப்புத் தண்ணீர்த் தாங்கியின் விலையைக் கேட்டுவிட்டு
எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன்.
மருந்து கலக்கும் தோட்டத்துத் தொட்டியை
எழுத்தில் கேட்கச் சொன்னார்கள். எழுதினேன்.
அந்தக் கடிதம் இன்னும் ஒப்பீசில் வேலை செய்கிறது.
பங்களாவில் பழைய குளியல் தொட்டி ஒன்று,
சும்மாவே எடுத்துப் போ என்றார்கள்.
ஆழம் போதாது.
போதியிருந்தாலும்,
இனி அந்த ஜாதிச் சாமானைத் தொடுவதில்லை என்று
விமானத்தில் வைத்தே முடிவெடுத்தவள் நான்.

பிறகு, நௌபர் நானாவின் பழைய இரும்புக் கடை.
கோழிகள் முட்டையிடும் ஐஸ்கிரீம் பெட்டி,
மூடியில் பாதி கிழிந்த ஸ்ட்ரோபெரி.
எஞ்சினின் கால் அளவுக்கு வெட்டிய கொய்யாக் கம்பை
வைக்கோலை விலக்கி உள்ளே நிறுத்தினேன்.
மேலே நாலு விரல் மிச்சம்.

"கம்ப்ரசர எடுத்தாச்சி. ஓட்டைக்கி நான் பொறுப்பில்ல."
மூவாயிரம்.
கோழிகளுக்கு வேறு இடம் பார்க்க
இருநூறு தனியாக வாங்கிக்கொண்டார்.

ஓட்டையை அடைத்தது என் இடதுகால் செருப்பின் குதி.

பீலியில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர்.
பெட்டி கேட்டது முப்பத்துநாலு வாளி,
என் முறைக்கு ஆறு.
செல்வமேரி இரண்டு ஊற்றினாள்,
பிறகு வரிசையே ஊற்றியது.
அன்பினால் இல்லை. வேடிக்கை பார்க்க.

பதினொரு தடவை கயிற்றை இழுத்தான் டிலுக்சன்.
பன்னிரண்டாவது நான்.

தகரக்கூரைகள் எல்லாம் பல்லைக் கடித்தன.
நீலப் புகை. நாய்கள் கானுக்குள் குதித்தன.
பின்பக்கத் துளையில்
நூலாக எட்டிப் பார்த்தது தண்ணீர்.
"ஒண்ணுக்குப் போகுது! ஒண்ணுக்குப் போகுது!"
என்று ஒரு பொடியன் கத்த,
வாழ்க்கையில் அப்படியொரு நல்ல சேதி
நான் கேட்டதில்லை.
விரலை நீட்டினேன். வெதுவெதுப்பு.
யாரும் பார்க்காத நொடியில் நாக்கில் வைத்தேன்:
உப்பு.

கியரைப் போட்டவன் டிலுக்சன்தான்.
ஐஸ்கிரீம் பெட்டி எழுந்து நின்று கொட்டியதுபோல்
பாதித் தண்ணீர் மேலே போய்
காய்ந்துகொண்டிருந்த துணி, பெரட்டுக்குப் புறப்பட்ட ஆள்,
செல்வமேரியின் தலை, எல்லாவற்றிலும் இறங்கியது.

நிறுத்தினோம்.
காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
முகத்தைத் துடைத்துவிட்டு அவள் கேட்டாள்:
"அக்கரைக்கி எவ்வளவு எடுப்ப?"
"நூறு."
"ரெண்டு வாளி என்னோடது."
"எண்பது."
"நனைஞ்சது?"